வாசலை அடைத்த பெயர்

எங்கள் நைனாவுக்கு எழுத்தின் மேல் அப்படியொரு பக்தி. அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற மயிலாப்பூர் எங்களுடையது. கோபுரத்தையும் குளத்தையும் சுற்றி இருக்கிற மயிலாப்பூரைத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முதுகுப் பக்கமாக, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடிசைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற இன்னொரு மயிலாப்பூரும் இருந்தது. நைனா அங்கிருந்து சைக்கிள் ரிக்ஷா ஓட்டினார். கடலை மடித்த காகிதம் காலில் பட்டால்கூடச் சூடு பட்டவர்போல் காலை இழுத்துக்கொள்வார். பிறகு குனிந்து அதைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். அதில் அச்சாகியிருந்தது லேகிய விளம்பரமாக இருந்தாலும் சரி, சினிமா விளம்பரமாக இருந்தாலும் சரி, அவருக்கு அது சரஸ்வதி.

காலையில் மாட வீதி வீடுகளிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் இறக்கிவிடுவதும், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவதும் நைனாவின் நிரந்தர வேலை. அந்தப் பிள்ளைகளின் புத்தகம் ரிக்ஷாவில் நழுவி விழுந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். ஆகவே நைனாவுக்குத் தெரியாத எழுத்தே கிடையாது என்று நான் என் மனசுக்குள் முடிவுகட்டியிருந்தேன். அவரும் அதை மறுத்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், நான் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேராத வயதில், எங்கள் சந்துக்குப் பக்கத்து ஓட்டுக் கட்டடத்தில் ஒரு மாதர் சங்கத்தார் வகுப்பு ஆரம்பித்தார்கள். அதுவரை வந்த வகுப்புகள் ஒன்று பிள்ளைகளுக்கு, இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு. இது தாயும் பிள்ளையும் ஜோடியாக வர வேண்டிய வகுப்பு. தாய் வராவிட்டால் பிள்ளைக்குப் பன் கிடையாது. மாவுப்பாலும் பன்னும் கொடுப்பார்கள். வெண்ணெய் தடவாத பன்தான், ஆனால் அதற்காக நாங்கள் பெற்ற தாயைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனோம். மத்தியானப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து கொஞ்சம் கண்ணசரலாம் என்று சாய்ந்த என் அம்மாவை நான் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தே கிளப்பியிருக்கிறேன்.

பாடம் சொல்ல வந்த டீச்சரம்மா கோபுரப் பக்கத்து மயிலாப்பூர். கல்யாணமாகித் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. சின்னப் பெண். ஆனால் என்ன தைரியம்! என் அம்மாவைவிட வயசில் மூத்த பொம்பளைகளை வரிசையாகப் பாயில் உட்கார்த்தி, மடியில் பிள்ளையையும் பிள்ளையின் மடியில் பலகையையும் வைத்துப் பாடம் நடத்துவார். ஒரு வீட்டுக்கு ஒரே பலகைதான். அது வகுப்பை விட்டு வெளியே போகாது. அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எழுதினவர்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், படித்த பிறகுதான் ஈரத்துணியால் அழிக்க வேண்டும். "படிக்காம அழிச்சேள்னா அந்த எழுத்து கோச்சுண்டு போயிடும்" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் பொம்பளைகள் அதைச் சிரிக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

நைனாவுக்கு இந்த வகுப்பு ஆகவே ஆகாது. பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் வீடு திரும்பினால் அடுப்பு பற்றியிருக்காது. நாங்கள் இருவரும் அப்போதுதான் கையெல்லாம் பல்பத் தூளோடு வந்துகொண்டிருப்போம்.

"இன்னாம்மே, படிச்சி கலெக்டராவப் போறியா?" என்பார்.

"பாப்பாவ ஸ்கூல்ல சேத்தா, அது இன்னா படிக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்பாள் அம்மா.

அம்மா சொன்னதில் பெரிய விஷயம் இருந்தது. வகுப்பைக் கடைசிவரை முடிக்கிற ஜோடிகளின் பிள்ளைகளை டீச்சரம்மாவே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அம்மா பாதியில் நின்றால் என் பள்ளிக்கூடமும் நின்றுபோகும். அம்மா அதை நினைத்துத்தான் தூக்கத்தை விட்டாள். ஒருநாள் சோறு ரொம்பவே தாமதமானபோது நைனா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னொரு தபா இந்தக் கிளாஸால என் பொழப்புக்குப் பேஜார் வந்திச்சி, அத்தோட நிறுத்திக்க. சொல்லிட்டேன்" என்றார். நைனா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

எழுத்துதான் அம்மாவுக்குச் சுலபத்தில் வரவில்லை. வருஷக்கணக்காக வெண்கலப் பானை தேய்த்த கை. பல்பத்தைப் பிடித்தால் நொறுங்கிவிடும். 'அ' போடச் சொன்னால் பலகை கீறிக்கொள்ளும். பாயில் இருந்த எல்லாருக்குமே அந்தக் கதிதான். ஒரு வியாழக்கிழமை டீச்சரம்மா சீக்கிரமே வந்தவர், வகுப்பு வாசலில் எங்கள் பொம்பளைகள் போட்டிருந்த கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஓர் இழை தப்பவில்லை, ஒரு வளைவு நடுங்கவில்லை. "இந்தக் கையா பல்பத்தை உடைக்கறது!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கே வீட்டுப்பாடம் கொடுத்தார். "நாளைக்குக் காலம்பற யாரும் கோலம் போட வேண்டாம். உங்காத்துல இருக்கறவா யாராவது ஒருத்தர் பேரை வாசல்ல கோலப்பொடியால எழுதுங்கோ. நான் வந்து பார்க்கறேன்." எல்லாரும் பிள்ளைகளின் பெயரை எழுதிக் காட்டும்படி டீச்சரைக் கேட்டார்கள். அம்மா மட்டும் என் காதில், "உன் நைனா பேர டீச்சராண்ட சொல்லு" என்றாள். அவள் வாயால் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரைச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ரேஷன் கடையில்கூட என்னை முன்னே தள்ளிச் சொல்ல வைப்பாள். நான் சொன்னேன், டீச்சரம்மா பலகையில் எழுதினார், அம்மா அன்று வகுப்பு முடிகிறவரை அதன் மேலேயே கையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் நாங்கள் படித்த விதமே அப்படித்தான். வாய் என்னுடையது, கை அவளுடையது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா சொல்லாததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாள் விடியலில் அம்மா வாசல் தெளித்துப் பெருக்கிவிட்டு எழுதினாள். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தேன். மாவு அவள் விரலிடுக்கிலிருந்து இறங்கிய அழகை என்ன சொல்ல! பலகையில் முரண்டு பிடித்த எழுத்தெல்லாம் தரையில் அடங்கி ஒடுங்கி வந்து உட்கார்ந்தது. பெருமையில் எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இங்கேதான் டீச்சரம்மா ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டார். கோபுரப் பக்கத்து வீட்டில் வாசல் என்றால் தெருவரை விரிந்து கிடக்கும். எழுத்தை ஓர் ஓரமாக எழுதிவிட்டு இன்னோர் ஓரமாக நடந்துவிடலாம். எங்கள் குடிசைக்கு ஒரே வாசல், அதுவும் ஆள் குனிந்து நுழைகிற வாசல். சந்தின் அகலம் இரண்டு கை நீட்டினால் முடிந்தது. போதாததற்குக் கோலம் என்றால் வாசல் அடைத்துப் போட வேண்டும் என்பது பொம்பளைகளின் கை வழக்கம். சின்னதாக எழுத யாருக்கும் மனசு வரவில்லை. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு வாசலையும் ஒரு பெயர் அடைத்துக்கொண்டு கிடந்தது.

முதலில் எழுந்தவர் பக்கத்து வீட்டு மாமா. கையில் தகர டப்பாத் தண்ணீரோடு கால்வாய்ப் பக்கம் அவசரமாகப் புறப்பட்டவர், ஒரு காலை வெளியே வைத்தார்.

"யோவ்! மிதிச்சிடாதய்யா! சரஸ்வதி!" என்று அவர் வீட்டு அத்தை கத்தினாள். மீன்கூடை சுமக்கிற அத்தையின் குரல் சாந்தோமில் கேட்கும்.

மாமா காலை இழுத்துக்கொண்டார். "அப்ப நான் எப்டி போவறது? பறந்தா?"

"தாண்டி வா."

"எழுத்தத் தாண்டறதா? கண்ணு அவிஞ்சிபூடும்மே!"

யாரோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கு வேறு திட்டு விழுந்தது. சரஸ்வதியைத் துடைப்பத்தாலா பெருக்குவது? காலால் தேய்க்க முடியாது, தாண்ட முடியாது, பெருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் எல்லா வாசலிலும் ஓர் ஆம்பிளைத் தலை நீட்டிக்கொண்டு நின்றது. மூட்டை தூக்குகிறவர், பெயிண்டர், கட்டுமரக்காரர், எல்லாரும் கூட்டுக்குள் அடைத்த கோழிகளாக நின்று சத்தம் போட்டார்கள். பிள்ளைகளான எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். நைனாவும் எங்கள் வாசலில் நின்றார். ரிக்ஷா சந்து முனையில் நின்றது.

"ஸ்கூல் பசங்க காத்துக்கினு இருக்கும்மே. இத்த இன்னா பண்ணப் போற?" என்றார். குரலில் சூடு ஏறியிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். இந்த வகுப்பால் நைனாவின் பிழைப்புக்கு இடைஞ்சல் வந்தேவிட்டது.

அதற்குள் டீச்சரம்மா, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, வீட்டுப்பாடம் பார்க்க ஆசையாக வந்துவிட்டார். சந்து முனையிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் கால் வைக்க இடமில்லை. "ராமா! வாசல் ரொம்பவா எழுதுவேள்!" என்றார். அவரும் எழுத்தை மிதிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் இல்லையே.

ஆனால் அவர் அசரவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தார். "பலகையை எப்படி அழிப்போம்? படிச்சுட்டு, ஈரத்துணியால, கையால அழிப்போம். சரஸ்வதிக்குக் கோபமே வராது. ஒவ்வொருத்தரா எழுதினதைப் படிங்கோ!"

அப்போது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முனை வீட்டம்மா குந்தி உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து, தன் மகன் பெயரைக் கூட்டிப் படித்தாள். அதுவரை புருஷன் எதிரே அவள் வாயே திறந்து பார்த்ததில்லை. படித்து முடித்ததும் துணியால் ஒற்றி எடுத்தாள். டீச்சரம்மா ஓர் எட்டு முன்னே வந்தார். அடுத்த வாசலில் அடுத்தவள். மீன்கார அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாள். பாதியில் திணறியபோது மாமா டப்பாவும் கையுமாக, "படிம்மே, படிம்மே, வந்துட்ச்சி" என்று உசுப்பேற்றினார். அது எழுத்துக்காகவா, அவர் அவசரத்துக்காகவா என்று சொல்ல முடியாது. வெளியே வந்த ஆம்பிளைகள் வேலைக்கு ஓடாமல் அடுத்த பெண்சாதி படிப்பதைப் பார்க்க நின்றார்கள். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தார்கள், ஆனால் ஒருவருக்கும் கேலி வரவில்லை. தினமும் அதட்டி வேலை வாங்குகிற பொம்பளைகள் தரையிலிருந்து பெயர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 

கடைசியில், சந்தின் உள்கோடியில் இருந்த எங்கள் வாசல். அம்மா ஈரத்துணியைப் பிழிந்தபடி உட்கார்ந்திருந்தாள். படிக்கவில்லை.

"சீக்கிரம் படிச்சி அழிம்மே" என்றார் நைனா.

அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. டீச்சரம்மா கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபுரப் பக்கத்திலும் அந்த வழக்கம் அப்படியேதானே இருந்தது.

"நீங்களே படிச்சிட்டு அழிச்சிடுங்க டீச்சர். சத்தம் போடாம, மனசுக்குள்ள" என்று அம்மா கிசுகிசுத்தாள். "இப்பத்தான் எனக்கு ஒறைக்குது. அவரு பேரப் போயி கால் படற எடத்துல எழுதிட்டேனே. தெரிஞ்சா அவ்ளோதான்."

டீச்சரம்மாவின் முகமும் மாறிவிட்டது. எழுதச் சொன்னது அவர்தானே. நைனா உள்ளேயிருந்து, "இன்னா குசுகுசுன்னு? இதுக்குத்தான் நான் அன்னிக்கே சொன்னேன், கிளாஸும் வாணாம் ஒரு மண்ணும் வாணாம்னு" என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சந்தில் இருக்கிற எல்லாப் பெயரையும் படித்தாகிவிட்டது. எல்லாவற்றையும்விட அழகாக எழுதிய எங்கள் பெயரை மட்டும் படிக்காமல் அழிப்பதா? அது கோபித்துக்கொண்டு போய்விடாதா? நான் துள்ளி எழுந்து நைனாவின் பெயரைச் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "உன் பேருதான் நைனா! அம்மா எழுதிகீது!"

சந்தில் எல்லாத் தலையும் எங்கள் வாசல் பக்கம் திரும்பியது. 

நைனா தரையைப் பார்த்தார். அம்மா சந்தில் நின்று எழுதியதால், உள்ளேயிருந்து பார்த்த அவருக்கு அது தலைகீழாகக் கிடந்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு மறுபக்கம் சாய்த்தார். உள்ளே போய்விட்டார். அடுத்த நிமிஷம் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஓலைத் தட்டியைப் பிய்த்து எறிகிற சத்தம் கேட்டது.

"போச்சி. எல்லாம் போச்சி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாப்பா ஸ்கூலும் போச்சி. நானே என் கையால கெடுத்துக்கினேன்." டீச்சரம்மா அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. நைனா வீட்டையே பிரித்துப் போடுகிறார் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன்.

நைனா கால்வாய்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு சந்து முனை வழியாக நடந்து வந்தார். முட்டியெல்லாம் சேறு, தலையில் ஓலைத் தும்பு. ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டீச்சரம்மாவைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து இறக்கிவிட்டார். எங்கள் வாசலுக்கு நேரே, பெயர் நிமிர்ந்து தெரிகிற பக்கமாகக் குந்தி உட்கார்ந்து, அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இத்த அழிக்காத" என்றார். எழுந்து ரிக்ஷாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாட வீதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்கு லேட்.

அந்தப் பெயர் மழை வந்து கரைக்கிறவரை எங்கள் வாசலிலேயே இருந்தது. அதுவரை நாங்கள் மூவரும் பின்னால் நைனா பிய்த்த ஓட்டை வழியாகத்தான் புழங்கினோம். அதற்குக் கோணிப்பையில் ஒரு திரையும் வந்தது. சந்திலேயே இரண்டு வாசல் வைத்த வீடு எங்களுடையது என்று அத்தை எங்களைப் பணக்காரர்களாக்கிக் கிண்டல் செய்தாள். சோறு எத்தனை தாமதமானாலும் நைனா அதன் பிறகு வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வகுப்பை முடித்தாள். டீச்சரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் பள்ளிக்கூடம் சேரப் போனது நைனாவின் ரிக்ஷாவில்தான். அம்மாவும் டீச்சரம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, வழியெல்லாம் அவர் மணியடித்துக்கொண்டே போனார்.

பெயர் எழுதிய அன்று வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தபோது நைனா என்னைக் கிட்டே இழுத்து, வேறு யார் காதிலும் விழாமல் ஒன்று கேட்டார்.

"பாப்பா, இதுல என் பேரு எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிக்குது?"

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவருக்குக் கோபமில்லை, என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நைனாவுக்குத் தன் பெயர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீயே காட்டு" என்றார்.